சிறிய திரையரங்குகளில் ப்ளூ-ரேயும் எளிய விலை புரொஜெக்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

40 முதல் 150 பேர் வரை உட்காரக்கூடிய அரங்குகளை நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். திரைப்படச் சங்கங்கள், கல்லூரி அரங்குகள், 35 மி.மீ. இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டு அடுத்து என்ன செய்வதென்று யோசிக்கும் பழைய தியேட்டர்கள் என்று எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சில பதில்களில் என் சொந்த அபிப்பிராயம் கலந்திருக்கும். அங்கெல்லாம் காரணத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் பார்க்கும் ப்ளூ-ரே டிஸ்க்கை தியேட்டர் திரையில் போட்டால் தாங்குமா?

தாங்கும். திரை நியாயமான அளவில் இருந்தால் நன்றாகவே தாங்கும். பெரிய தியேட்டர்களில் ஓடும் 2கே டிஜிட்டல் படத்தின் முழு அளவு 2048×1080 புள்ளிகள். 1.85 விகிதத்தில் (உயரத்தைப்போல் அகலம் 1.85 மடங்கு) எடுத்த படங்கள் அதிலும் 1998×1080 மட்டுமே எடுத்துக்கொள்ளும். ப்ளூ-ரே 1920×1080. அகலத்தில் வித்தியாசம் 4 சதவீதம்கூட இல்லை. அரங்கின் நடுவில் உட்கார்ந்திருப்பவர் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தியேட்டருக்கான கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் ஜேபெக் 2000 முறையில் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது. வண்ணத்துக்கு 12 பிட், நொடிக்கு 250 மெகாபிட் வரை இடம் உண்டு. ப்ளூ-ரேயில் 8 பிட்தான். படத்துக்கு நொடிக்கு அதிகபட்சம் 40 மெகாபிட். வண்ணத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கும். பனிமூட்டம், அந்தி வானம், மெல்ல இருளும் சுவர் என நிறம் படிப்படியாக மாறும் இடங்களில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்படியும், அக்கறையோடு தயாரித்த ஒரு ப்ளூ-ரே, தேய்ந்து கீறல் விழுந்த ஒரு பழைய 35 மி.மீ. பிரிண்டைவிடப் பார்க்க நன்றாக இருக்கும் என்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

டி.வி.டி.யின் கதை வேறு. 5 மீட்டர் அகலத் திரையில் டி.வி.டி.யின் ஒரு புள்ளி கிட்டத்தட்ட 7 மி.மீ. அகலம் இருக்கும், ப்ளூ-ரேயின் புள்ளி 2.6 மி.மீ. வேறு எந்த வடிவிலும் கிடைக்காத அரிய படம் என்றால் மட்டும் டி.வி.டி. போடுங்கள். அதையும் முன்கூட்டியே பார்வையாளர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் பெரிய தியேட்டர்கள் ஏன் அவ்வளவு விலைகொடுத்து வேறு இயந்திரம் வாங்குகின்றன?

பட வெளியீட்டுக்காக. ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் 2002-ல் சேர்ந்து டி.சி.ஐ. என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தின. அதன் தொழில்நுட்ப விதிகளின் முதல் பதிப்பு 2005-ல் வந்தது. படத்தின் தரம், ஒளி, நிறம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் முதுகெலும்பு பாதுகாப்புதான். படம் பூட்டப்பட்ட கோப்பாக வரும். குறிப்பிட்ட ஒரு சர்வரில், குறிப்பிட்ட நாள் நேரத்துக்குள் மட்டும் திறக்கும் சாவி தனியாக வரும். அந்த விதிக்கு உட்பட்ட கருவி இல்லாத அரங்குக்குப் பெரிய ஸ்டுடியோக்களின் புதுப்படம் வெளியீட்டு நாளில் வராது.

ஆகவே கருவிக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, எந்தப் படங்களை ஓட்டப்போகிறீர்கள் என்பது. புதுப்படம்தான் உங்கள் பிழைப்பு என்றால் இந்தப் பக்கம் சொல்லும் வழி உங்களுக்கு உதவாது. பழைய செவ்வியல் படங்கள், ஆவணப்படங்கள், சுயாதீனப் படங்கள், டிஸ்க்கில் வெளிவந்துவிட்ட படங்களின் மறு திரையிடல் என்றால் தாராளமாக உதவும்.

கடையில் வாங்கிய டிஸ்க்கைக் காட்ட அனுமதி வேண்டுமா?

வேண்டும். டிஸ்க்கின் விலை வீட்டில் பார்ப்பதற்கானது. பொதுவில் காட்டும் உரிமையை அந்தப் படத்தின் விநியோகஸ்தரிடமோ உரிமையாளரிடமோ தனியாகப் பெற வேண்டும். டிக்கெட் வசூலிக்காத காட்சிக்கும் பெரும்பாலான நாடுகளில் இது பொருந்தும். கேட்கும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த நாள், எத்தனை காட்சி, ப்ளூ-ரேயில் காட்டச் சம்மதமா, கட்டணம் நிலையான தொகையா அல்லது வசூலில் பங்கா. பல விநியோகஸ்தர்கள் அவர்களே டிஸ்க்கையும் அனுப்புவார்கள்.

காப்புரிமைக் காலம் முடிந்த மௌனப் படமாயிற்றே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். புதுப்பித்த பதிப்புக்கும், அதில் புதிதாகச் சேர்த்த இசைக்கும் தனி உரிமை இருக்கலாம்.

எத்தனை லூமென் புரொஜெக்டர் வாங்க வேண்டும்?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். லூமென் என்பது புரொஜெக்டர் தரும் ஒளியின் அளவு. பெரும்பாலோர் திரையை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் இதைக் கேட்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள். உங்களால் வாங்க முடிகிற ஒளி எவ்வளவு என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற திரையை மாட்டுங்கள். ஒரு குடம் நீரை ஒரு பாத்திக்கும் ஊற்றலாம், ஒரு வயலுக்கும் ஊற்றலாம். வயலில் ஈரமே தெரியாது.

சினிமாவுக்கான அளவுகோல் சதுர மீட்டருக்கு 48 கேண்டலா, பழைய கணக்கில் 14 அடி-லாம்பர்ட். படம் எதுவும் இல்லாத முழு வெள்ளைத் திரையின் நடுவில் இந்த அளவு இருக்க வேண்டும். சாதாரண மேட் வெள்ளைத் திரைக்குக் கணக்கு எளிது: திரையின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து 150-ஆல் பெருக்குங்கள். 16:9 திரையில் 4 மீட்டர் அகலத்துக்கு 9 சதுர மீட்டர், அதாவது 1350 லூமென். 5 மீட்டருக்குச் சுமார் 2100. 6 மீட்டருக்குச் சுமார் 3000. 8 மீட்டருக்கு 5400. அகலம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கு மடங்கு வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

இது திரையில் வந்து விழ வேண்டிய ஒளி. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் வேறு. அந்த எண் பெரும்பாலும் பச்சை தூக்கலாக இருக்கும் அதிவெளிச்ச முறையில் அளந்தது. நிறம் சரியாக இருக்கும் சினிமா முறைக்கு மாற்றினால் அதில் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோதான் மிஞ்சும். விளக்கு பழசாக ஆக இன்னும் குறையும். விளக்கின் ஆயுள் என்று தயாரிப்பாளர் சொல்லும் மணிநேரமே பொதுவாக ஒளி பாதியாகும் வரைக்கும்தான். அதனால் மேலே சொன்ன கணக்கை இரண்டு அல்லது இரண்டரை மடங்காக்கிக் கடைக்குப் போங்கள். 5 மீட்டர் திரைக்கு 4500 முதல் 5000 லூமென் என்று எழுதிய புரொஜெக்டர் என்றால் நிம்மதியாக இருக்கலாம்.

ஸ்கோப் (2.39 விகித அகலப்) படத்துக்குத் திரை பக்கவாட்டில் விரிகிற அரங்கானால், விரிந்த முழு அகலத்தையும் அதற்கான 16:9 உயரத்தையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். டிஸ்க்கில் உள்ள கறுப்புப் பட்டைகளின் இடத்துக்கும் புரொஜெக்டர் ஒளியைச் செலவழிக்கிறது. 2.39 விகிதப் படத்தில் சட்டத்தின் கால்பாகம் அந்தப் பட்டைகளுக்கே போய்விடும்.

வாங்கியபின், திரையில் விழும் ஒளியை அளக்கும் ஒரு சாதாரண லக்ஸ் மீட்டரால் சரிபார்க்கலாம். முழு வெள்ளையைக் காட்டி, மீட்டரைத் திரையோடு ஒட்டி, முகம் புரொஜெக்டரைப் பார்க்கும்படி பிடியுங்கள். 150 லக்ஸ் வந்தால் அளவு சரி. 110-க்குக் கீழே வந்தால் இரவுக் காட்சிகளில் நடிகரின் முகம் தெரியாது, திரையைச் சுருக்குங்கள். மூலைகளில் அளக்கும்போது நடுவில் உள்ளதில் முக்கால் பங்குக்காவது குறையாமல் இருக்க வேண்டும்.

டி.எல்.பி., எல்.சி.டி., லேசர்... எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒற்றைச் சில்லு டி.எல்.பி.யில் (நுண் கண்ணாடிகள் பதித்த சில்லால் படம் காட்டும் வகை) நிறங்கள் சுழலும் சக்கரத்தின் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சிலர் கண்ணுக்கு, வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் வானவில் மின்னும். சக்கரத்தில் தெளிவான ஒரு பகுதி சேர்த்து வெள்ளையை மட்டும் தூக்கிக் காட்டும் மாடல்களும் உண்டு. அவற்றில் வெள்ளை பளிச்சென்று இருக்கும், சிவப்பும் மஞ்சளும் அழுக்காக இருக்கும். நிறங்களுக்கான லூமென் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

மூன்று பலகை எல்.சி.டி.யில் இந்தப் பிரச்சினை இல்லை. சிறிய அரங்குக்கு ஒளிக்கும் விலைக்கும் நல்ல பொருத்தம். கறுப்பு மட்டும் கொஞ்சம் சாம்பலாக இருக்கும். எல்.கோஸ் என்ற எதிரொளிப்பு எல்.சி.டி. வகையில் கறுப்பு மிக அருமை. ஆனால் அதே விலைக்கு லூமென் குறைவு. 4 மீட்டருக்குள் திரை வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

லேசர் என்பது ஒளி மூலத்தைக் குறிக்கும். அது மேலே சொன்ன எந்த வகையிலும் வரலாம். விளக்கு 2000 முதல் 4000 மணிநேரம் என்றால் லேசர் 20,000 மணிநேரம் என்று சொல்லி விற்கிறார்கள். அதன் ஒளியும் மெல்ல மெல்லக் குறையத்தான் செய்யும், ஆனால் நடுக்காட்சியில் விளக்கு வெடிக்கும் பயம் இல்லை. தினமும் இரண்டு காட்சிக்கு மேல் ஓட்டுபவர்களுக்கு லேசரையே சொல்வேன்.

அலுவலகக் கூட்டங்களுக்கான புரொஜெக்டர் மலிவாகக் கிடைக்கிறது. அது ஆகாதா?

ஒளி நிறைய இருக்கும், அதற்காக யோசிக்கலாம். அதன் சொந்தப் புள்ளி அளவு 1920×1080 அல்லது 1920×1200-ஆக இருக்க வேண்டும். ‘1080 ஏற்கும்’ என்று மட்டும் எழுதியிருந்தால், உள்ளே 1280×800 பலகை இருக்கும். வரும் படத்தைச் சுருக்கித்தான் காட்டும். 24 ஃபிரேம் சமிக்ஞையை ஏற்கிறதா என்பதையும், மின்விசிறியின் சத்தத்தையும் நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். கேபினுக்குள் வைத்தால் சத்தம் பிரச்சினையில்லை. இருக்கைகளுக்கு மேலே தொங்கவிட்டால் பெரிய தொல்லை.

பழைய கேபினிலிருந்தே காட்ட முடியுமா?

தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்துப் பாருங்கள். கேபினுக்கும் திரைக்கும் 15 மீட்டர், திரை 5 மீட்டர் என்றால் விகிதம் 3. வீட்டு புரொஜெக்டர்கள் பலவற்றின் விகிதம் 2.2-க்குள் முடிந்துவிடும். கேபினிலிருந்து காட்டினால் படம் திரையை மீறிப் போகும். லென்ஸ் மாற்றக்கூடிய மாடலை வாங்கி நீள்தூர லென்ஸ் போடுவது ஒரு வழி. அரங்கின் உள்ளேயே கூரையிலிருந்து தொங்கவிடுவது இன்னொன்று; அதற்கு ஒலி அடக்கிய, காற்றோட்டம் உள்ள பெட்டி கட்ட வேண்டும்.

படம் சரிவகமாகத் தெரிந்தால் கீஸ்டோன் பொத்தானை அழுத்தாதீர்கள். அது புள்ளிகளைத் திருகிச் சரிசெய்கிறது. கூர்மை போய்விடும், ஒளியும் போகும். லென்ஸை மேலும் கீழும் நகர்த்தும் வசதி உள்ள புரொஜெக்டரை வாங்குங்கள், அல்லது புரொஜெக்டரை இடம் மாற்றுங்கள். கேபின் சன்னலில் சாதாரணக் கண்ணாடி இருந்தால் இரு பரப்பிலும் சேர்த்து 8 சதவீத ஒளி திரும்பிவிடும். எதிரொளிப்பு தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி போடுங்கள்.

பழைய துளைத் திரையையே வைத்துக்கொள்ளலாமா?

ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் இருந்தால் துளைத் திரைதான் சரி. சிறிய திரையில் ஒரு சிக்கல் வரும்: துளைகளின் இடைவெளியும் புரொஜெக்டரின் புள்ளிகளும் அளவில் நெருங்கிவிட்டால் படத்தின் மேல் அலையலையாக ஒரு கோலம் தெரியும். மோய்ரே என்பார்கள். நுண்துளைத் திரை போட்டால் தீரும். வாங்குவதற்கு முன் ஒரு துண்டு வாங்கி, உங்கள் புரொஜெக்டர் ஒளியில் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

பழைய திரை மஞ்சளாகிவிட்டிருந்தால் எந்த புரொஜெக்டரும் காப்பாற்றாது. வெள்ளை மேட் பெயின்ட் அடித்த சமமான சுவர், அழுக்கான திரையைவிட மேல் என்பது என் எண்ணம். ஆனால் அப்போது ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைக்க முடியாது.

இதில் நான் மிகவும் வலியுறுத்துவது கறுப்பைத்தான். திரையைச் சுற்றி ஒளி உறிஞ்சும் கறுப்பு வெல்வெட் ஓரம், திரைக்கு அருகில் இருக்கும் சுவரிலும் கூரையிலும் கறுப்பு மேட் பெயின்ட். வெள்ளைக் கூரையில் பட்ட ஒளி திரும்பி வந்து படத்தின் கறுப்பையெல்லாம் வெளுக்கவைக்கும். இரண்டு மடங்கு விலையுள்ள புரொஜெக்டரால் ஆகாததை ஒரு வாளிக் கறுப்பு பெயின்ட் செய்துவிடும். வெளியேறும் வழி விளக்குகளை மட்டும் அணைக்கவோ மூடவோ கூடாது. அவற்றின் ஒளி திரைப் பக்கம் விழாமல் சிறு தடுப்பு வைத்தால் போதும்.

ஸ்கோப் படத்தில் சப்டைட்டில் பாதி காணாமல் போகிறது. ஏன்?

வீட்டுத் தொலைக்காட்சிக்காகத் தயாரித்த டிஸ்க்குகளில் சப்டைட்டிலின் ஒரு வரி படத்திலும் மற்ற வரி கீழே உள்ள கறுப்புப் பட்டையிலும் வருவதுண்டு. நீங்கள் ஸ்கோப் அளவுக்குத் திரையை மறைத்திருந்தால் அந்தக் கீழ்வரி கறுப்புத் துணியில் விழுந்து மறையும். சப்டைட்டிலை மேலே தூக்கும் வசதி சில பிளேயர்களில் உண்டு. பிளேயர் வாங்கும்போதே இதைத் தேடுங்கள். இல்லாவிட்டால் கீழ் மறைப்பைத் திறந்துவைத்து முழு 16:9 அளவில் காட்டுங்கள். அழகு கொஞ்சம் குறையும். ஆனால் வசனம் புரியாத மொழிப் படத்தில் சப்டைட்டில்தான் முதலில்.

புரொஜெக்டரில் எதையெல்லாம் மாற்றி வைக்க வேண்டும்?

படங்களில் பெரும்பாலானவை நொடிக்கு 24 ஃபிரேம். பிளேயரில் 24 வெளியீட்டை இயக்குங்கள். 60-க்கு மாற்றிக் காட்டினால் கேமரா பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் படம் தத்தித் தத்திப் போகும். நடுவில் புது ஃபிரேம்களைச் செயற்கையாக உருவாக்கிச் சேர்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது சினிமாவைத் தொலைக்காட்சித் தொடர் மாதிரி ஆக்கிவிடும்.

படத்தைச் சற்றுப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேன் அணைக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் ஓரங்கள் வெட்டுப்படும், புள்ளிக்குப் புள்ளி பொருந்தாது. செயற்கைக் கூர்மையை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். காட்சிக்குக் காட்சி ஒளியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் பெரிய திரையில் கண்ணை உறுத்தும், அதுவும் வேண்டாம். நிறத்துக்கு ரெக். 709, வெள்ளைக்கு டி65 என்ற தர அளவுகளைத் தேர்ந்தெடுங்கள். ப்ளூ-ரே இந்த இரண்டையும் எதிர்பார்த்துத்தான் தயாரிக்கப்படுகிறது. பிளேயர் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 16 முதல் 235 வரையிலான அளவில் அனுப்ப, புரொஜெக்டர் 0 முதல் 255 வரை என்று புரிந்துகொண்டால் படம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். தலைகீழானால் நிழல் எல்லாம் மையாகிவிடும். இரண்டையும் ஒரே முறையில் வையுங்கள்.

படம் ஓடும்போது திடீரென்று சில நொடி திரை கறுத்துப் போகிறது. டிஸ்க்கில் கோளாறா?

பெரும்பாலும் கேபிளில். நீளமான செம்புக் கம்பி எச்.டி.எம்.ஐ. கேபிளில் சமிக்ஞை தளர்ந்துவிடும். உடனே பிளேயரும் புரொஜெக்டரும் எச்.டி.சி.பி. என்ற நகல் தடுப்புப் பூட்டின் அனுமதியை மறுபடி பரிமாறிக்கொள்ளும், அந்த நேரம் திரை கறுக்கும். 10 மீட்டருக்கு மேல் போனால் ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கேபிள் போடுங்கள். அதற்குத் திசை உண்டு; எந்த முனை பிளேயருக்கு என்று பார்த்து மாட்ட வேண்டும். எச்.டி.பேஸ்-டி கருவி மூலம் நெட்வொர்க் கேபிளில் 100 மீட்டர் வரை அனுப்பலாம். எப்படியானாலும் சுவருக்குள் இரண்டாவது கேபிள் ஒன்றைச் சேர்த்தே இழுத்துவைப்பது நல்லது.

ஒலிக்கு வீட்டு ஹோம் தியேட்டர் செட் போதுமா?

30 பேர் உட்காரும் அறைக்குச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போதாது. வீட்டு ஸ்பீக்கரைப் பெரிய அறைக்கு முறுக்கினால் முதலில் சிதைவது வசனம். மங்கலான படத்தைக்கூட மக்கள் சிறிது நேரத்தில் ஏற்றுக்கொள்வார்கள். வசனம் கேட்காத படத்திலிருந்து எழுந்து போய்விடுவார்கள். பணம் குறைவாக இருந்தால் பின்பக்க ஸ்பீக்கர்களைத் தள்ளிப்போடுங்கள். திரைக்குப் பின்னால் நடுவில் ஒரு நல்ல ஹார்ன் ஸ்பீக்கர், இடமும் வலமும் அதே வகையில் இரண்டு, இதிலிருந்து தொடங்குங்கள். பழைய தியேட்டரில் ஏற்கெனவே உள்ள ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் நீங்கள் புதிதாக வாங்கப்போவதைவிட நல்லவை. சோதிக்காமல் கழற்றி விற்றுவிடாதீர்கள்.

பிளேயரிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக ஏ.வி. ரிசீவர், அதன் ப்ரீ-அவுட்டிலிருந்து (சக்தி கூட்டாத ஒலி வெளியீடு) தியேட்டர் ஆம்ப்ளிஃபயர் என்பது எளிய வழி. வீட்டுக் கருவியின் ஆர்.சி.ஏ. வெளியீட்டைத் தொழில்முறை ஆம்ப்ளிஃபயரில் நேராகச் சொருகினால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வர வாய்ப்பு அதிகம். நடுவில் ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் அடங்கும்.

அளவு வைக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். தியேட்டர் வழக்கப்படி முன் ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் 85 டெசிபெல், பக்கவாட்டு வரிசை ஒவ்வொன்றும் 82. வீட்டு டிஸ்க்குகளோ எல்லாம் சமம் என்ற கணக்கில் கலக்கப்படுகின்றன. ஆகவே தியேட்டர் ப்ராசஸருக்குப் பழகிய அரங்கில் டிஸ்க் போடும்போது பக்கவாட்டை 3 டெசிபெல் கூட்ட வேண்டியிருக்கும். தியேட்டர்கள் உச்ச ஒலிகளைக் கொஞ்சம் சரிய விட்டு டியூன் செய்யப்பட்டவை; வீட்டுக்கென்று மறுபடி கலந்த ஒலி அங்கே மந்தமாகக் கேட்கலாம். டிஸ்க்குக்கென்று தனி செட்டிங் ஒன்றைச் சேமித்துவையுங்கள். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் ரிசீவரின் இரவு முறை அணைந்திருக்க வேண்டும். டிஸ்க்குக்கு டிஸ்க் ஒலியளவு மாறும், அதனால் ஒவ்வொரு படத்துக்கும் அமைதியான ஒரு வசனக் காட்சியைப் போட்டு, அரங்கில் நடந்து பார்த்து, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உதட்டசைவுக்கு முன்னால் குரல் வந்தால், புரொஜெக்டர் படத்தைக் கணக்கிட எடுக்கும் நேரம்தான் காரணம். 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 42 மில்லி நொடி. ரிசீவரில் ஒலியைத் தாமதப்படுத்தலாம். ஒலி காற்றில் 12 மீட்டர் கடக்கவே 35 மில்லி நொடி ஆகும். முதல் வரிசைக்குச் சரியாக வைத்தால் கடைசி வரிசைக்குத் தாமதமாகிவிடும். அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் நின்று சரிசெய்வதே நியாயம்.

காட்சி நாளில் பிளேயர் மானத்தை வாங்காமல் இருக்க என்ன செய்வது?

டிஸ்க் வந்த அன்றே, காட்சிக்குப் பயன்படுத்தப்போகும் அதே பிளேயரில், முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். வேகமாக ஓட்டிப் பார்ப்பது சோதனையாகாது. ப்ளூ-ரேயில் தகவல் பரப்புக்கு 0.1 மி.மீ. ஆழத்திலேயே இருக்கிறது, டி.வி.டி.யில் 0.6 மி.மீ. மேலே கடினப் பூச்சு இருந்தாலும் விரல் ரேகைகூடப் படத்தை உறையவைக்கலாம். மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம்.

புதிய டிஸ்க்குகளைத் திறக்க பிளேயரின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். அதை ஒரு வாரம் முன்பே செய்துவிட்டு, இணையத் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். நடுக்காட்சியில் ‘புதிய பதிப்பு தயார்’ என்று திரையில் வருவதைப் போன்ற அவமானம் வேறில்லை. ஸ்கிரீன் சேவர், தானாக அணைதல், திரையில் வரும் குறியீடுகள் என எல்லாவற்றையும் அணைத்துவையுங்கள்.

எச்சரிக்கைப் பலகைகளும் மெனு இசையும் பார்வையாளர் கண்ணிலும் காதிலும் படக்கூடாது. அரங்கு நிறைவதற்கு முன்பே அவற்றைக் கடந்து, படத்தின் முதல் ஃபிரேமில் நிறுத்திவைத்து, புரொஜெக்டரை மறைப்பு முறையில் போடுங்கள். காட்சி தொடங்கும்போது மறைப்பை எடுத்துவிட்டு ஓடவிட்டால் போதும். ஜாவா மெனு உள்ள பல டிஸ்க்குகள் நிறுத்திய இடத்தை நினைவில் வைக்காது, எனவே இடைவேளை விட்டால் அத்தியாய எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கையில் இரண்டாவது பிளேயரும், முடிந்தால் இரண்டாவது டிஸ்க்கும் இருக்கட்டும். ஸ்விட்சரில் இரண்டும் இணைந்திருந்தால் சிக்கல் வந்தாலும் ஒரு நிமிடத்தில் படம் திரும்பிவிடும்.

இயக்குநர் தானே எழுதிய டிஸ்க்கைக் கொண்டுவருகிறார். நம்பலாமா?

நம்புங்கள், ஆனால் படத்தைக் கோப்பாகவும் கேளுங்கள். கணினியில் எழுதிய டிஸ்க்குகள் எழுதிய கருவியில் ஓடும், உங்கள் பிளேயரில் திணறும். 25 ஜி.பி. ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் எழுதித் தரச் சொன்னால் தொல்லை குறைவு. படம் 24-ல் எடுத்திருந்தால் 24-லேயே இருக்க வேண்டும், 50 அல்லது 60-க்கு மாற்றியிருக்கக் கூடாது என்பதையும் முன்பே சொல்லுங்கள். இளம் இயக்குநருக்கு அது வாழ்க்கையின் முதல் திரையிடலாக இருக்கலாம். அரை மணிநேரம் முன்னால் வரச்சொல்லி, ஒலியையும் நிறத்தையும் அவர் கண் முன்னாலேயே சரிபார்த்துக் கொடுங்கள்.

வெளிநாட்டு டிஸ்க்குகள் ஓடுமா?

ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்கள். அமெரிக்கக் கண்டங்களும் ஜப்பான், கொரியா, தென்கிழக்காசியாவும் ஏ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, ஆஸ்திரேலியா பி. இந்தியா, சீனா, ரஷ்யா சி. பல டிஸ்க்குகளில் மண்டலப் பூட்டே இருக்காது. பூட்டியிருந்தால் அந்த மண்டலத்துப் பிளேயர் வேண்டும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கும் பால் (PAL) ஒளிபரப்பு முறை டி.வி.டி.யில் 24 ஃபிரேம் படம் 25-ஆக வேகம் கூட்டப்பட்டிருக்கும்: 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும், குரலும் சற்று உயர்ந்து ஒலிக்கும்.

எச்.டி. டி.வி.டி. டிஸ்க்குகள் மலிவாகக் கிடைக்கின்றன...

வேண்டாம். ப்ளூ-ரேக்குப் போட்டியாக வந்த வடிவம் அது. படத் தரத்தில் குறையில்லை. ஆனால் 2008 பிப்ரவரியில் தோஷிபா அதைக் கைவிட்டது. பிளேயர் பழுதானால் மாற்று கிடைப்பது கஷ்டம்.

4கே டிஸ்க்குக்கு இப்போதே போய்விடலாமா?

4கே அல்ட்ரா எச்.டி. ப்ளூ-ரே 2016-ல் வந்தது: 3840×2160 புள்ளிகள், 10 பிட் நிறம், மண்டலப் பூட்டு கிடையாது. கேட்க அருமையாக இருக்கிறது. சிறிய அரங்கில் தடுக்குவது எச்.டி.ஆர்., அதாவது இருளுக்கும் ஒளிக்கும் இடையிலான வீச்சைக் கூட்டும் முறை. அந்த டிஸ்க்குகளில் பெரும்பாலானவை 1000 கேண்டலாவும் அதற்கு மேலும் போகும் தொலைக்காட்சிகளை மனத்தில் வைத்துத் தயாரித்தவை. உங்கள் திரையில் இருப்பது 48. அதை இதற்குள் மடக்கும் வேலையைச் சாதாரண புரொஜெக்டர்கள் சரியாகச் செய்வதில்லை, படம் இருண்டுபோகும். பல 4கே பெட்டிகளில் சாதாரண ப்ளூ-ரேயும் உள்ளேயே இருக்கும். நான் அதைத்தான் போடுவேன்.

கண்ணின் கணக்கும் உண்டு. திரை உயரத்தின் மூன்று மடங்குக்குச் சற்று மேல் தூரத்தில் உட்கார்ந்தவருக்கு 1080-ன் புள்ளிகளே பிரித்துத் தெரியாது. 5 மீட்டர் திரைக்கு அது சுமார் 9 மீட்டர். முன்வரிசைகளுக்குத்தான் 4கே லாபம். பணத்தை முதலில் ஒளிக்கும், அடுத்து கறுப்புக்கும் ஒலிக்கும் செலவழியுங்கள். 4கே கடைசியில் வரட்டும்.

டிஸ்க் எதற்கு, இணையத்தில் ஓடுவதையே காட்டக் கூடாதா?

தனிநபர் சந்தாவின் நிபந்தனைகள் பொதுத் திரையிடலை அனுமதிப்பதில்லை. அது போக, இணைய வேகம் குறைந்தால் படத்தின் தரம் கண்முன்னே சரியும். டிஸ்க் எப்போதும் ஒரே தரத்தில் ஓடும்.

மின்சாரம் போனால்?

விளக்கு புரொஜெக்டருக்கு யு.பி.எஸ். கட்டாயம். சூடான விளக்குக்கு விசிறிக் காற்று நின்றால் ஆயுள் குறையும். உடனே திரும்பப் பற்றவைக்கவும் முடியாது, ஆறும்வரை காத்திருக்க வேண்டும். யு.பி.எஸ். படம் முழுக்க ஓட்ட வேண்டியதில்லை. ஜெனரேட்டர் எடுக்கும்வரை, அல்லது ஒழுங்காக அணைத்து ஆறவைக்கும்வரை தாங்கினால் போதும். பழைய ஜெனான் விளக்குகள் கிலோவாட் கணக்கில் இழுத்தன. இந்த வகை புரொஜெக்டர்கள் பெரும்பாலும் சில நூறு வாட்டில் முடிந்துவிடுவதால் யு.பி.எஸ். செலவு கட்டுப்படியாகும். தூசி வடிகட்டியை ஒழுங்காகச் சுத்தம் செய்யுங்கள். அடைத்துக்கொண்டால் சூடேறி, நடுக்காட்சியில் தானாக அணைந்துவிடும்.

பிற்பாடு டி.சி.ஐ.க்கு மாறினால் இதில் போட்ட பணமெல்லாம் வீணா?

புரொஜெக்டரைத் தவிர எதையும் மாற்ற வேண்டியதில்லை. திரை, கறுப்பு ஓரம், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அப்படியே தொடரும். டி.சி.ஐ. புரொஜெக்டர்கள் பலவற்றில் வெளிச் சமிக்ஞைக்கு வழி உண்டு, அதனால் ப்ளூ-ரே பிளேயரும் கேபினில் தங்கும். கோப்பாக வராத படங்களுக்கு அதுதான் கைகொடுக்கும். பழைய புரொஜெக்டரைக் கூட்ட அறைக்கோ வெளியூர்த் திரையிடலுக்கோ பயன்படுத்தலாம். மாறும் எண்ணம் இருந்தால் கேபினின் மின்வயரிங்கையும் வெப்பம் வெளியேறும் குழாயையும் இப்போதே பெரிய அளவில் போட்டுவையுங்கள். சுவரை இரண்டாம் முறை உடைக்கும் செலவு மிச்சம்.